பழைய டச்சுப் புகைப்படங்களில் பெண்கள்: 1840 முதல் 1900 வரையிலான உருவப்படங்களைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியம் தன் சேகரிப்பின் பெரும்பகுதியை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அதில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்களைத் தேடினால் ‘பெயர் தெரியாத பெண்ணின் உருவப்படம்’ என்ற தலைப்பு திரும்பத் திரும்ப வரும். கறுப்பு உடை, நடுவகிடு, மடியில் கோத்த கைகள், சிரிக்காத முகம். நாலைந்து படங்கள் பார்த்ததுமே எல்லாம் ஒன்றுபோலத் தோன்றிவிடும். அப்புறம் ‘பாவம், அந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு சோகமாக இருந்திருக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

முகத்தை முதலில் பார்ப்பதால் வரும் வினை இது. முகத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, படம் எதன்மேல் பதிந்திருக்கிறது, தலையில் என்ன அணிந்திருக்கிறார், அட்டையின் பின்னால் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தால், பெயர் கிடைக்காவிட்டாலும் அந்தப் பெண்ணின் ஊர், வசதி, மதம், பத்தாண்டுக்குள் அடங்கும் ஒரு காலம் வரை பல நேரம் சொல்லிவிட முடியும். நெதர்லாந்து இதற்கு மிகவும் தோதான நாடு. ஊருக்கு ஊர் உடை வேறு. ஆவணங்களும் ஒழுங்காக இருக்கின்றன.

தொடங்கும் முன் ஒரு சின்ன விஷயம். டச்சு என்றதும் நமக்குப் பழவேற்காடும் நாகப்பட்டினமும் நினைவுக்கு வரும். அங்கே வாழ்ந்த டச்சுப் பெண்களின் புகைப்படம் கிடைக்குமா என்று தேட வேண்டாம். நாகப்பட்டினம் 1781-லும், இலங்கையின் கடற்கரை 1796-லும், பழவேற்காடு 1825-லும் டச்சுக்காரர்கள் கையை விட்டுப் போய்விட்டன. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான். ஆகவே நாம் பார்க்கப்போவது நெதர்லாந்தையும், அப்போது அதன் கையில் இருந்த ஜாவா, தென்னமெரிக்காவிலுள்ள சுரிநாம் போன்ற இடங்களையும்.

படி 1: படம் எதன்மேல் இருக்கிறது?

வேறு எதையும் விட இந்தக் கேள்விக்கு நேரம் கொடுங்கள். பொருள் தெரிந்தால் காலத்தில் பாதி தெரிந்த மாதிரி.

1840-களில் எடுக்கப்பட்ட படமென்றால் அநேகமாக டாகெரோடைப். வெள்ளி பூசிய செப்புத் தகட்டைப் பளபளவென்று மெருகேற்றி, அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் வைத்துப் படமெடுத்து, பாதரச ஆவியில் உருவத்தை வெளிக்கொணரும் முறை. நேரில் பார்த்தால் கண்ணாடிபோல உங்கள் முகத்தையே காட்டும். சற்றுச் சாய்த்தால்தான் உள்ளே இருக்கும் ஆள் தெரிவார். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு வெளுப்பாகவும் மாறிவிடும். அமெரிக்காவில் இவற்றை மூடி போட்ட சின்னப் பெட்டிகளில் வைப்பது வழக்கம். நெதர்லாந்தில் பிரான்சைப் போலக் கண்ணாடியும் அட்டைச் சட்டமும் வைத்து, ஓரங்களைக் காகித நாடாவால் ஒட்டிச் சுவரில் மாட்டினார்கள். அந்தக் காகித நாடா கிழியாமல் இருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். உள்ளே காற்று புகுந்தால் வெள்ளி கறுத்துவிடும். தகட்டின் மேல் விரல் பட்டாலோ, துணியால் துடைத்தாலோ உருவமே போய்விடும்.

டச்சு டாகெரோடைப் என்றால் தவிர்க்க முடியாத பெயர் எடுவார்ட் ஐசக் ஆசர் (1809–1894). அம்ஸ்டர்டாம் வழக்கறிஞர், புகைப்படம் அவருக்குப் பொழுதுபோக்கு. 1842 வாக்கில் தன்னையும் தன் மகள் ஷார்லோட்டையும் அவர் எடுத்த தகடுகள் நெதர்லாந்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய உருவப்படங்களில் சேர்ந்தவை. அவை ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கின்றன. காசு கொடுத்து ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்த படங்கள் அல்ல, வீட்டுக்குள் அப்பா எடுத்தவை. இந்த வித்தியாசத்தை மனத்தில் வையுங்கள்; பின்னால் உதவும்.

1850-களில் கண்ணாடி வருகிறது. ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-ல் வெளியிட்ட கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டை ஈரம் காயும் முன் படமெடுத்துக் கழுவ வேண்டும். அந்தக் கண்ணாடியையே கறுப்புப் பின்னணி வைத்துப் படமாகக் கொடுத்தால் அது ஆம்ப்ரோடைப். பின்னணிக் கறுப்பு உரிந்த இடத்தில் கண்ணாடி வழியாக அந்தப் பக்கம் தெரியும். அடையாளம் காண எளிது. இரும்புத் தகட்டில் எடுத்தால் டின்டைப். ஒரு சின்னக் காந்தத்தைப் பின்பக்கத்துக்கு அருகே கொண்டு போனால் போதும், ஒட்டிக்கொள்ளும்.

இவையெல்லாம் ஒற்றைப் பிரதிகள். விளையாட்டை மாற்றியது காகிதம். முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமின் தாளில் ஒரு கண்ணாடி நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். தாள் மிக மெல்லியது, சுருண்டுகொள்ளும்; அதனால் அட்டையில் ஒட்டித்தான் கொடுப்பார்கள். பாரிஸைச் சேர்ந்த டிஸ்தேரி 1854-ல் காப்புரிமை பெற்ற ‘கார்ட் தெ விசீத்’ என்ற அட்டைப்படம் இப்படி வந்ததுதான். ஒரே தகட்டில் வரிசையாகப் பல படங்களை எடுத்து, வெட்டி, ஏறக்குறைய 6.3-க்கு 10 சென்டிமீட்டர் அட்டையில் ஒட்டுவது. 1860 வாக்கில் ஐரோப்பா முழுவதும் இந்தப் பைத்தியம் பரவியது; நெதர்லாந்தும் விலக்கல்ல. 1860-களின் பிற்பகுதியில் இதைவிடப் பெரிய கேபினெட் கார்டு (ஏறக்குறைய 10.8-க்கு 16.5 சென்டிமீட்டர்) வந்து சேர்ந்தது.

இதனால் உங்களுக்கு என்ன பயன்? கையில் இருப்பது அட்டையில் ஒட்டிய படமென்றால் அது பெரும்பாலும் 1860-க்கு அப்புறம். இன்னொன்று, ஒரே அமர்வில் எடுத்த வேறு படங்களும் எங்கோ இருக்கக்கூடும். அதே உடை, அதே நாற்காலி, அதே கம்பளத்தோடு இன்னொரு படம் வேறொரு சேகரிப்பில் பெயரோடு இருந்தால் புதிர் அவிழ்ந்துவிடும்.

படி 2: இடம் எது, வலம் எது?

டாகெரோடைப்பில் உருவம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறித்தான் பதியும். ஆம்ப்ரோடைப்பும் டின்டைப்பும் பெரும்பாலும் அப்படி மாறித்தான் இருக்கும். காகிதப் பிரதிகள் சரியாக இருக்கும்.

இதைப் போய்ப் பெரிதுபடுத்துவானேன் என்று தோன்றலாம். திருமண மோதிரத்துக்காகத்தான். நெதர்லாந்தில் பொதுவாகப் புராட்டஸ்டன்டுகள் வலக்கையிலும் கத்தோலிக்கர்கள் இடக்கையிலும் திருமண மோதிரம் அணிவது வழக்கம். ஒரு டாகெரோடைப்பில் மோதிரம் இடக்கையில் தெரிந்தால், உண்மையில் அது வலக்கை; அம்மையார் கத்தோலிக்கர் என்று எழுதினால் தலைகீழாகிவிடும். இதையும் ஒற்றைச் சான்றாக வைத்து முடிவு கட்டாதீர்கள். விதவைகளும் சிலர் இரண்டு மோதிரங்களை ஒரே விரலில் போட்டிருப்பார்கள். அது தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

அப்படிப் பெரிதாக்கும்போது நகைகளில் தங்கப் புள்ளிகளும் கன்னத்தில் இளஞ்சிவப்பும் தென்படலாம். அது கேமரா பதிந்த நிறம் அல்ல, படமெடுத்த பின் தூரிகையால் வைத்தது. மோதிரத்தின் மேல் பொன்வண்ணப் பொட்டு வைத்திருந்தால் நமக்கு நல்லதுதான். அந்த மோதிரம் கண்ணில் பட வேண்டும் என்று யாரோ விரும்பியிருக்கிறார்கள்.

படி 3: நிறங்களை நம்பாதீர்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம் சறுக்குவார்கள்.

1880-கள் வரை புழங்கிய தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்கு இருட்டு மாதிரி. ஆகவே நீலத் துணி படத்தில் வெளுத்துத் தெரியும். சிவப்புத் துணி கறுத்துவிடும். நெதர்லாந்து அரச குடும்பத்தின் ஆரஞ்சு நிற நாடாவும் இருண்ட பட்டையாகத்தான் விழும். நீலக் கண்கள் கருவிழியைச் சுற்றி வெறும் வெள்ளையாகத் தோன்றும். டச்சுப் பெண்களில் நீலக் கண்கள் அதிகம் என்பதால், பல படங்களில் பார்வை ஏதோ பேய் பிடித்தது போல இருப்பதற்கு இதுவே காரணம். வெறித்த பார்வை, சோகம் என்றெல்லாம் கதை கட்ட வேண்டியதில்லை. முகத்தில் கண்ணுக்கே தெரியாத மங்கிய புள்ளிகளும் இந்தத் தகட்டில் கருமையாக எழும்பி வரும்.

இதன் விளைவை ஓர் உதாரணத்தில் பாருங்கள். தென்மேற்கே உள்ள சேலண்ட் மாகாணத்துப் பெண்கள் கழுத்தை ஒட்டிச் சிவப்புப் பவளச் சரங்களைப் பல அடுக்காக அணிந்தார்கள். படத்தில் அவை கறுப்பு மணிகளாகத் தெரியும். ஐரோப்பாவில் துக்கத்துக்கு அணியும் கறுமணி என்று இதைச் சுலபமாக நினைத்துவிடலாம். உண்மையில் அது அந்தப் பெண்ணின் பெருமைக்குரிய நல்ல நகை. அதே போல அம்ஸ்டர்டாம் நகர அநாதை இல்லத்துச் சிறுமிகளின் சீருடை செங்குத்தாகப் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. ஊரில் யார் பார்த்தாலும் உடனே தெரிந்துவிடும் உடை அது. ஆனால் கொலோடியன் தகட்டில் இரண்டு பாதிக்கும் இடையே வித்தியாசம் மங்கிவிடும். வெறும் கருநிற உடை அணிந்த ஏதோ ஒரு சிறுமி என்று கடந்து போய்விடாமல், நடுவே ஒரு நேர்கோட்டுத் தையல் இருக்கிறதா, இரண்டு பக்கமும் சாயலில் கொஞ்சமாவது மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கறுப்பு உடை என்றாலே துக்கம் என்பதும் சரியல்ல. நல்ல கறுப்புப் பட்டு, அன்றைய நடுத்தரக் குடும்பப் பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை உடை. பலருக்குத் திருமணத்துக்கும் அதுதான். துக்கத்தைக் காட்டுவது துணியின் பளபளப்பு. பளபளக்காத மங்கலான கிரேப் துணி, நகையே இல்லாத கழுத்து, வெள்ளைக் கழுத்துப்பட்டை இல்லாமை, இவை சேர்ந்து வந்தால் யோசிக்கலாம்.

இன்றைக்குக் கைபேசியிலேயே பழைய படத்துக்கு வண்ணம் பூசும் செயலிகள் வந்துவிட்டன. தயவுசெய்து ஆராய்ச்சி முடியும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். கறுப்பாகத் தெரிவது கறுப்புதான் என்று நம்பி அது வண்ணம் தீட்டும். சிவப்புப் பாவாடை ஒருநாளும் திரும்பி வராது.

படி 4: கூந்தலும் சட்டைக் கைகளும்

நாகரிக உடை அணிந்த நகரத்துப் பெண் என்றால் காலத்தைக் கணிப்பது எளிது. பாரிஸ் பாணிதான் அம்ஸ்டர்டாமிலும் ஹேக்கிலும்.

1840-களிலும் 1850-களிலும் நடுவகிடெடுத்து, காதை மூடும்படி இருபுறமும் வழித்துச் சீவிய கூந்தல். இறுக்கமான மேலுடை, கூர்ந்து இறங்கும் இடுப்பு. 1860-ஐ ஒட்டிய வருடங்களில் வளையம் வைத்த அகன்ற பாவாடை உச்சத்துக்குப் போகிறது. காதுகள் வெளியே வருகின்றன. கூந்தல் பின்னால் வலைக்குள் அடங்குகிறது. 1870-களில் அகலம் முழுக்கப் பின்பக்கம் ஒதுங்கி, கூந்தல் உச்சியில் குவிகிறது. 1880-களில் கழுத்தை மூடும் உயர்ந்த பட்டை, ஒட்டிய சட்டைக் கைகள், முன்னெற்றியில் சுருட்டை முடி. 1895 வாக்கில் தோளில் பலூன்போல ஊதிய சட்டைக் கைகள். இந்தக் கடைசி அடையாளம் நான்கைந்து ஆண்டுக்குள் அடங்கிவிடும் என்பதால் கணிப்பவருக்கு வரப்பிரசாதம்.

ஒன்று மட்டும்: கூந்தலையும் சட்டைக் கையையும் நம்பலாம், உடையை முழுதாக நம்ப வேண்டாம். நல்ல பட்டு உடையைப் பெண்கள் பிரித்து, மாற்றித் தைத்துப் பல வருடம் அணிந்தார்கள். வயதான பெண்மணிகள் தங்கள் இளமைக்காலத்துத் தொப்பியை விடுவதேயில்லை. இளம்பெண்ணின் உடை காட்டும் வருடமும் பாட்டியின் உடை காட்டும் வருடமும் ஒரே குழுப்படத்தில் 20 ஆண்டு தள்ளி நிற்கலாம். இளையவரை வைத்தே கணியுங்கள்.

படி 5: தலையில் என்ன இருக்கிறது?

கிராமத்துப் பெண்களுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் ஒத்துவராது. அவர்களுக்குத் தலைதான் முகவரி.

வடக்கே ஃபிரீஸ்லாந்தில் ‘ஓரெய்செர்’ என்ற உலோக அணி. தொடக்கத்தில் தலைத்துணியைப் பிடித்துவைக்கும் மெல்லிய பட்டையாக இருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அகன்று அகன்று தலையையே கவிழ்த்து மூடும் தங்கத் தலைக்கவசமாகிவிட்டது. அதன் மேல் ஜரிகைபோல நுண்ணிய லேஸ் தொப்பி. படத்தில் லேஸுக்கு அடியில் பளபளவென்று ஒளி பட்டுத் தெறிப்பதைப் பார்த்தால் அது தங்கமோ வெள்ளியோ. நெற்றியோரம் இரண்டு பக்கமும் குமிழ்கள் தெரியும். குடும்பச் சொத்தின் கணிசமான பகுதி இந்தத் தலையில்தான் இருந்தது. பெண்ணுக்கு நகை செய்துபோடும் நம் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு வேடிக்கையும் நடந்தது. நகர நாகரிகத் தொப்பியையும் விட மனமில்லாமல், தங்கக் கவசத்துக்கும் லேஸுக்கும் மேலேயே அதைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அப்படியொரு படம் கிடைத்தால் ஊரும் தெரிந்துவிட்டது, காலமும் ஏறக்குறைய தெரிந்துவிட்டது.

சேலண்டில் கதை வேறு. அங்கே ஜூயிட் பெவெலண்ட் பகுதியில் புராட்டஸ்டன்டுப் பெண்களின் லேஸ் தொப்பி சிப்பிபோல வட்டமாக விரியும். கத்தோலிக்கப் பெண்களின் தொப்பி நேர்விளிம்போடு மேலே அகன்று நாற்கோணமாக நிற்கும். பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தாலும் தொப்பியைப் பார்த்தே எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று சொல்லிவிடுவார்கள். நெற்றிப்பொட்டின் அருகே துருத்தி நிற்கும் தங்கத் தகடுகளும் அந்தப் பகுதியின் அடையாளம். மார்க்கன் தீவு, ஹிண்டெலோப்பன், ஸ்டாப்ஹோர்ஸ்ட் போன்ற ஊர்களில் துக்கத்துக்கே படிகள் இருந்தன. இறந்தவர் எவ்வளவு நெருங்கிய உறவு, எத்தனை காலம் ஆயிற்று என்பதற்கு ஏற்ப உடையின் நிறமும் துணியும் மாறின. கறுப்புவெள்ளைப் படத்தில் அந்தப் படிகளை வாசிப்பது கடினம். அந்தந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அசல் துணியோடு பூவேலையை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

கையில் வெள்ளிக் கொக்கி வைத்த சின்னப் புத்தகம் இருக்கிறதா? சங்கீதப் பாடல்களும் புதிய ஏற்பாடும் அடங்கிய கோயில் புத்தகம் அது. ஸ்டூடியோவில் மேசை மேல் வெறுமனே கிடக்கும் தடித்த புத்தகம் வேறு. அது ஸ்டூடியோவின் சாமான். தூண், திரைச்சீலை, கைப்பிடிச்சுவர், கம்பளம் எல்லாமே அப்படித்தான். அவற்றை வைத்து வீட்டின் வசதியை அளக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் வந்த வேலைக்காரப் பெண்ணும் அதே தூணில்தான் சாய்ந்து நின்றாள்.

நிற்பவரின் காலருகே ஓர் இரும்புக் கால் எட்டிப் பார்க்கும். தலை அசையாமல் இருக்கப் பின்னாலிருந்து தாங்கும் கவட்டை. இணையத்தில் இதைக் காட்டி ‘இறந்தவரை நிறுத்திவைத்து எடுத்த படம்’ என்று பரப்புகிறார்கள். சுத்த உளறல். அந்தக் கவட்டைக்கு ஓர் ஆளின் எடையைத் தாங்கும் வலுவே கிடையாது. உயிரோடு நிற்பவர் கழுத்தைச் சற்றுச் சாய்த்துக்கொள்ளத்தான் அது. ஆரம்பகால டாகெரோடைப்புக்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ அசையாமல் இருக்க வேண்டியிருந்தது; கொலோடியனிலும் சில நொடிகள்.

படி 6: அட்டையைத் திருப்புங்கள்

இணையத்தில் படத்தின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் சேகரிப்புகள் உண்டு.

அட்டையிலிருந்தே தொடங்கலாம். 1860-களில் மெல்லிய அட்டை, கூர்முனைகள், பின்னால் ஒரு சின்ன முத்திரை மட்டும். 1870-களில் முனைகள் வளைகின்றன, அட்டை தடிக்கிறது, அச்சு பெரிதாகிறது. 1880-களில் அடர்நிற அட்டை, பொன் விளிம்பு, முதுகு முழுக்க அலங்காரமும் பதக்கங்களும். அந்தப் பதக்கங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். ‘அம்ஸ்டர்டாம் 1883’ என்றிருந்தால் அந்த ஆண்டு அங்கே நடந்த சர்வதேசக் காலனி, ஏற்றுமதிக் கண்காட்சியில் வாங்கிய பதக்கம். அட்டை அதற்கு முன் அச்சாகியிருக்க முடியாது.

முகவரியில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. அம்ஸ்டர்டாமில் 1853 முதல் 1875 வரை வீட்டு எண் தெருவாரியாக இல்லை. வட்டாரத்துக்கு ஓர் எழுத்தும் அதற்குள் ஓர் எண்ணுமாக இருந்தது. இன்றிருக்கும் தெருவாரி எண் 1875-ல் வந்தது. அட்டையில் தெருப்பெயரோடு ‘கேகே’ மாதிரி எழுத்தும் எண்ணும் இருந்தால் 1875-க்கு முந்தையது என்று துணிந்து சொல்லலாம். ஸ்டூடியோக்கள் வேறு அடிக்கடி இடம் மாறும். நகர ஆவணக் காப்பகத்தின் பதிவுகளையும், நெதர்லாந்தின் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் தேடத் தரும் டெல்ஃபர் தளத்தில் வரும் விளம்பரங்களையும் பார்த்தால், எந்த முகவரியில் எந்த வருடம் இருந்தார்கள் என்று பிடித்துவிடலாம்.

புகைப்படக்காரரின் பெயரையும் கவனியுங்கள். எல்லாரும் ஆண்கள் அல்ல. ஹேக் நகரில் மரியா ஹில்லெ (1827–1893) தன் கணவர் விங்கென்போஸுடன் சேர்ந்து ஸ்டூடியோ நடத்தினார், அவர் மறைந்த பிறகும் தொழிலைத் தொடர்ந்தார். கணவர் பெயரிலோ, ‘விதவை’ என்பதன் டச்சுச் சுருக்கமான ‘வேட்.’ என்ற எழுத்தோடோ இருக்கும் ஸ்டூடியோவில் கேமராவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருக்கலாம்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, நெகட்டிவைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், பின்னால் பிரதி கேட்டு வரலாம் என்று பல ஸ்டூடியோக்கள் அட்டையிலேயே அச்சிட்டன. 1865-ல் எடுத்த படம் 1880 அட்டையில் ஒட்டப்பட்டிருக்கலாம். பாட்டியின் டாகெரோடைப்பை மறுபடி படமெடுத்து அட்டையாகக் கொடுத்ததும் உண்டு. உடையும் அட்டையும் வேறுவேறு காலம் சொன்னால் உடையின் பக்கம் சாயுங்கள். இரண்டாவது, குடும்ப ஆல்பத்தில் இருப்பதெல்லாம் குடும்பம் அல்ல. அரசி சோஃபியின் (1818–1877) படங்களும் நடிகைகளின் படங்களும் கடையில் விற்றன. வாங்கி அத்தை படத்துக்குப் பக்கத்தில் செருகிவைத்தார்கள்.

படி 7: பெயர் தேடுவது

பின்னால் மையில் ஏதாவது எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் எழுதியவர் பேத்தியாக இருக்கலாம். ‘பெரியம்மா’ என்பது யாருக்குப் பெரியம்மா என்று பார்க்க வேண்டும். பெயருக்கு முன் ‘மேய்.’ என்று இருந்தால் திருமணமாகாதவர் என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் காலத்தில் சாதாரணக் குடும்பத்து மணமான பெண்களுக்கும் அந்த அடைமொழிதான், ‘மெஃப்ரௌ’ மேல்தட்டுக்கு. ‘யோங்க்ஃப்ரௌ’ என்றால் பிரபுக் குடும்பம்.

மணமானதும் பெயர் மாறுவதால் பெண்களைத் தேடவே முடியாது என்ற புலம்பல் நெதர்லாந்துக்குப் பொருந்தாது. 1811 முதல் நடைமுறையில் உள்ள பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் பெண் தன் பிறந்தவீட்டுப் பெயரிலேயே வருவார். அன்றாட வழக்கில் கணவர் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னும் வைத்து, நடுவே ஒரு சின்னக் கோடிட்டு இணைத்து எழுதுவார்கள். கோட்டுக்குப் பின்னால் இருப்பதைப் பிடித்துக்கொண்டு ‘வீ வாஸ் வீ’ என்ற இலவசத் தளத்தில் தேடலாம். 1850 முதல் மக்கள்தொகைப் பதிவேடும் உண்டு. வேலைக்காரப் பெண்கள் வீடு மாறியதுகூட அதில் பதிவாகும். ஓரளவு அறியப்பட்ட குடும்பமென்றால் ஹேக்கிலுள்ள ஆர்கேடி கலை வரலாற்று நிறுவனத்தின் உருவப்படத் தொகுப்பு, பெண்ணுரிமை இயக்கத்தைச் சேர்ந்தவரென்றால் அம்ஸ்டர்டாமின் அட்ரியா காப்பகம். 1871-ல் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மருத்துவரான அலெட்டா யாக்கோப்ஸின் (1854–1929) உருவப்படங்களைத் தேடிப் பார்த்து, அவற்றில் ஸ்டூடியோ சாமான்கள் எவ்வளவு இருக்கின்றன என்று கவனியுங்கள்.

படி 8: யார் எடுத்தார்கள், யாருக்காக?

இனி முகத்தைப் பார்க்கலாம். அதற்கு முன் இந்த ஒரு கேள்வி.

ஸ்டூடியோவுக்குப் போய்த் தன் காசில் தன் விருப்பப்படி நின்ற பெண் ஒரு வகை. ஆசரின் மகள் போல அப்பாவின் சோதனைக்கு உட்கார்ந்தவர் இன்னொரு வகை. ஓவியர் பிரைட்னருக்குக் கிமோனோ அணிந்து போஸ் கொடுத்த கீஷே குவாக் மூன்றாவது வகை. சாண்டாமைச் சேர்ந்த தொப்பி தைக்கும் பெண்; 1893 வாக்கில் பதினாறு வயது. அவர் படுத்தும் சாய்ந்தும் இருக்கும் புகைப்படங்கள் ஓவியத்துக்காக எடுத்தவை. அவை அவருடைய மனநிலையைச் சொல்லும் ஆவணம் அல்ல. 1895-ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர் 1899-ல் காசநோயால் இறந்துவிட்டார். இதற்கு நேர்மாறாக ஹேக்கின் பெரும் பணக்காரப் பெண் அலெக்சினெ டின்னெ (1835–1869): அவரே பெரிய தகடுகளில் தன் தெருவைப் படமெடுத்தவர், பிறகு நைல் நதியை நாடிப் போனவர், சகாராவில் கொல்லப்பட்டவர். கேமரா எப்படி வேலை செய்யும் என்று தெரிந்த பெண் அதன் முன் நிற்பதை அவர் படங்களில் பார்க்கலாம்.

காலனிகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். 1857-ல் படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தொடங்கிய உட்பரி அண்ட் பேஜ் போன்ற ஸ்டூடியோக்களின் படங்கள் ஜாவாவிலிருந்து நெதர்லாந்து வீடுகளுக்குக் கப்பலேறின. டச்சுப் பெண்கள் வீட்டில் அந்த ஊர் உடைகளான சாரோங்கும் கெபாயாவும் உடுத்தியிருக்கும் படங்கள் அவற்றில் உண்டு. வெள்ளைக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஜாவானிய ஆயாவின் படங்களும் உண்டு. அட்டையில் குழந்தையின் பெயர் இருக்கும். அவருக்கோ ‘பாபு’ என்ற வேலைப் பெயர் மட்டும். தலைப்பு எழுதும்போது நாமும் அதே வழக்கத்தைத் தொடராமல், ‘பெயர் பதிவாகாத பெண்’ என்றாவது அவரை முதலில் குறிப்பிடலாம்.

சுரிநாமில் எடுத்தவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படும் புகைப்படம் 1846-ஐச் சேர்ந்த ஒரு டாகெரோடைப். ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. திருமணத்தை ஒட்டி எடுத்த இணைப்படம். மணமகள் மரியா லூயிசா டெ ஹார்ட், யூதத் தந்தைக்கும் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட தாய்க்கும் பிறந்தவர். மணமகன் யோஹானஸ் எல்லிஸ், இன்றைய கானாவிலுள்ள எல்மினாவில் டச்சு ஆளுநருக்கும் ஆப்பிரிக்கப் பெண்ணுக்கும் பிறந்தவர். சுரிநாமில் அடிமை முறை ஒழிந்ததோ 1863-ல். அதற்கு 17 ஆண்டு முன்பே, அடிமையாக இருந்த ஒரு பெண்ணின் மகள் ஐரோப்பிய உடையில், அன்றைக்கு வசதியுள்ளவர்களால் மட்டுமே எட்ட முடிந்த ஒரு வெள்ளித் தகட்டின் முன் உட்காருகிறார். இவர்களுடைய மகன் 1903-ல் நெதர்லாந்தின் கடற்படை அமைச்சரானார். பெயர்கள் தப்பிப் பிழைத்திராவிட்டால் இதுவும் ‘பெயர் தெரியாத தம்பதி’ என்றே கிடந்திருக்கும்.

படி 9: கண்டதை எழுதி வைப்பது

ஓர் அட்டை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஆல்புமின் தாள், வளைந்த முனைகள், பின்னால் அம்ஸ்டர்டாம் தெருவும் வட்டார எழுத்தும், காது தெரியும்படி உச்சியில் குவித்த கூந்தல், வலக்கையில் மோதிரம், கையில் வெள்ளிக்கொக்கிப் புத்தகம். காகிதப் பிரதி என்பதால் வலக்கை வலக்கைதான். வட்டார எழுத்து 1875-க்கு மேல் போகவிடாது; கூந்தலும் முனைகளும் 1870-க்குக் கீழே இறங்கவிடாது. ஆகவே ‘ஏறக்குறைய 1870–1875, அம்ஸ்டர்டாம், மணமானவர், அநேகமாகப் புராட்டஸ்டன்டு’ என்று எழுதலாம். ‘அநேகமாக’ என்ற சொல்லை வெட்கப்படாமல் போடுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் அதன் காரணத்தையும் எழுதுங்கள். நாளைக்கு வேறொருவர் வந்து ஒன்றைத் திருத்தினால் மற்றவை அப்படியே நிற்கும்.

இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, அளவை மில்லிமீட்டரில் குறித்து, அந்த ஊர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். உள்ளூர்த் தொப்பியென்றால் மாகாண அருங்காட்சியகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். ஆங்கிலத்தில் எழுதினால் போதும். அசல் படத்தின் பின்னால் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் மென்மையான பென்சில், அதுவும் அட்டையின் ஓரத்தில்; பேனா வேண்டாம்.